வம்சாவளி தேடுவோருக்கு: மதுரை வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, சோழவந்தான் பக்கம் பூர்வீகம் உள்ளவர்கள் முன்னோரைத் தேடக் கிளம்பும்போது வழக்கமாகக் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை. வெளிநாட்டு இணையதளங்கள் குடும்பப் பெயரைத் தட்டிப் பார்க்கச் சொல்லும். இங்கே அது வேலைக்கு ஆகாது. நம் பக்கம் தடம் கிடப்பது ஊரிலும், கும்பிடும் சாமியிலும், உழுத நிலத்திலும்தான்.

எங்கிருந்து தொடங்குவது?

உங்களிலிருந்து பின்னோக்கி. "எங்கள் வம்சம் இந்தப் பாளையக்காரரிடமிருந்து வந்தது" என்று மேலிருந்து கீழே இறங்க முயன்றால் நடுவில் 4 தலைமுறை காணாமல் போகும், அதைக் கற்பனைதான் நிரப்பும்.

ஆளுக்கு ஒரு தாள் போடுங்கள். பெயர், பட்டப்பெயர், பிறந்த ஊர், வாக்கப்பட்ட அல்லது குடியேறிய ஊர், அப்பா அம்மா பெயர், குலதெய்வம், தொழில், இறந்த வருஷம். தாளின் அடியில் மிக முக்கியமான ஒரு வரி: இதைச் சொன்னவர் யார், எந்தத் தேதியில் சொன்னார். அந்த வரி இல்லாத தாள், இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லும் நாளில் பயன்படாமல் போகும்.

எண் போடுவதற்கு எளிய முறை ஒன்று உண்டு. நீங்கள் 1. அப்பா 2, அம்மா 3. யாருடைய எண்ணை இரண்டால் பெருக்கினாலும் அவருடைய அப்பா வருவார். அதோடு ஒன்றைக் கூட்டினால் அம்மா. அப்பத்தா 5, அம்மாச்சி 7, அம்மாச்சியின் அப்பா 14. ஆண்களுக்கு எப்போதும் இரட்டைப்படை, பெண்களுக்கு ஒற்றைப்படை (எண் 1 மட்டும் விதிவிலக்கு). எத்தனை தலைமுறை போனாலும் எண் முட்டாது.

பெரியவர்களிடம் எப்படிக் கேட்பது? கேட்டாலே "எதுக்கு, பாகம் பிரிக்கவா?" என்கிறார்களே?

கேட்கத்தான் செய்வார்கள். இந்தப் பக்கம் கொள்ளுத்தாத்தா பெயரைத் தேடி வருபவர் பெரும்பாலும் பத்திரத்தோடு வருபவர். அதனால் முதல் சந்திப்பில் நிலம், பட்டா என்ற பேச்சையே எடுக்காதீர்கள். பழைய போட்டோ ஒன்றைக் கையில் கொடுத்து, "இதுல நிக்கிறது யாரு அப்பத்தா?" என்று தொடங்குவது நல்லது. ஒரு போட்டோவில் 8 பேர் இருந்தால் 8 பேருக்கும் கல்யாணம் எங்கே நடந்தது, யார் வீட்டில் கொடுத்தார்கள் என்று பேச்சு தானாகவே நீளும்.

தாத்தாக்களைவிட அப்பத்தாக்களுக்கும் அம்மாச்சிகளுக்கும் அதிகம் தெரியும். ஆண்கள் பங்காளிகளைச் சொல்வார்கள். பெண்கள் கொண்டான் கொடுத்தான் ஊர்களையெல்லாம் சேர்த்துச் சொல்வார்கள். முடிந்தால் இரண்டு பேரை ஒன்றாக உட்கார வைத்துக் கேளுங்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் மறுக்கும்போதுதான் உண்மை வெளியே வரும். கைபேசியில் பதிவு செய்வதாக இருந்தால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அதிகம் சறுக்குவது உறவுமுறைச் சொற்களில். "தாத்தா" என்றால் பெத்த தாத்தாவாக இருக்கலாம், அவருடைய அண்ணன் தம்பியாக இருக்கலாம், ஊர் முறைக்குத் தாத்தாவாகவும் இருக்கலாம். "சித்தி" என்றால் அம்மாவின் தங்கை, சித்தப்பாவின் மனைவி, அப்பாவின் இளைய தாரம் ஆகிய மூவரில் ஒருவர். "மாமா"வைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒவ்வொரு முறையும் "கூடப் பிறந்தவரா, பங்காளி முறையா, ஊர் முறையா?" என்று கேட்டு எழுதுங்கள். சலித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

எங்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது, வெறும் இனிஷியல்தான். எதை வைத்துத் தேடுவது?

இனிஷியல் ஒரு தலைமுறைக்குத்தான் உதவும். அதற்கு மேல் போகப் பிடிமானம் வகையறாதான், அதாவது ஒரே மூதாதையிலிருந்து வந்த பங்காளிக் கூட்டத்தின் பெயர். ஊரில் போய் இன்னார் மகன் என்றால் தெரியாது, வகையறாவையும் வீட்டின் பட்டப்பெயரையும் சொன்னால் டீக்கடையிலேயே வழி சொல்வார்கள். அந்தப் பட்டப்பெயர் சில நேரம் கேலிப் பெயராக இருக்கும். எழுதக் கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள், பழைய பத்திரங்களில் "என்கிற" போட்டு அதே பெயர் நிற்கும்.

இனிஷியல் எல்லாச் சமூகத்துக்கும் ஒன்றுபோல வேலை செய்வதில்லை. மதுரை சௌராஷ்டிரக் குடும்பங்களில் முதல் எழுத்து பெரும்பாலும் வீட்டுப் பெயர். பாடகர் டி.எம். சௌந்தரராஜனின் 'டி' தொகுளுவ என்ற குடும்பப் பெயர், 'எம்' அப்பா பெயர். கொண்டையங்கோட்டை மறவர்களுக்குக் கிளை எனப்படும் குலப் பிரிவு தாய் வழியில் இறங்கும். அங்கே அப்பாவின் கிளையைத் தேடிப் போனால் வேறு குடும்பத்துக்குள் நுழைந்துவிடுவீர்கள். உங்கள் வீட்டில் எது எந்த வழியில் இறங்குகிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்து குழப்புகிறது.

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தின் விளைவு. கருப்பையா மகன் முத்தையா, அவர் மகன் கருப்பையா, அவர் மகன் மறுபடி முத்தையா. அதோடு அண்ணன் தம்பி நான்கு பேரும் தங்கள் மூத்த மகனுக்கு அதே தாத்தா பெயரை வைத்திருப்பார்கள். ஆக ஒரே ஊரில், ஒரே வயதில், ஒரே பெயரில் நான்கு பேர்.

பிரித்தறிய அப்பா பெயரை மட்டும் பார்க்காமல் மனைவி பெயர், பட்டப்பெயர், நிலத்தின் சர்வே எண் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்துகிறதா என்று பாருங்கள். பெயர் மட்டும் பொருந்தினால் பென்சிலால் எழுதி வையுங்கள். இந்த வழக்கத்தால் ஒரு லாபமும் உண்டு. மூத்த பேரன்கள் எல்லாருக்கும் ஒரே பெயர் இருந்து, அந்தத் தாத்தா யாரென்று தெரியாவிட்டால், விடுபட்ட பெயர் பெரும்பாலும் அதுதான். பெரும்பாலும்தான், குலதெய்வத்தின் பெயரை வைத்த வீடுகளில் இந்தக் கணக்கு செல்லாது.

குலதெய்வக் கோயிலில் ஏதாவது கிடைக்குமா?

நல்ல சரக்கு இருக்கும் இடம் அது. கோயிலுக்கு வரி பிரிக்கும் நோட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். தலைக்கட்டு வரி என்றால் கல்யாணமான ஆணுக்கு ஒரு வரி. வரிசையாகப் பெயர், அப்பா பெயர், இப்போது இருக்கும் ஊர், கட்டிய தொகை. பத்துப் பதினைந்து வருஷ இடைவெளியில் இரண்டு நோட்டு கிடைத்தால் போதும்: முதல் நோட்டில் ஒரு வரியாக இருந்த அப்பா, இரண்டாவதில் மூன்று மகன்களாகப் பிரிந்திருப்பார். வரி கட்டுவதை நிறுத்தியவர் இறந்திருப்பார், அல்லது ஆண் வாரிசு இல்லாமல் போயிருக்கும்.

போக வேண்டிய நாள் மாசி மகா சிவராத்திரி. உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி ஒச்சாண்டம்மன் போன்ற கோயில்களுக்குச் சாமிப் பெட்டி புறப்படுவது அப்போதுதான், பங்காளிகள் சென்னை, திருப்பூர், கோவையிலிருந்தும் வந்து சேர்வார்கள். ஆனால் அன்று யாருக்கும் உட்கார்ந்து பேச நேரம் இருக்காது. அன்று ஆட்களைப் பார்த்துப் போன் நம்பர் வாங்குங்கள், நோட்டை இரண்டு வாரம் கழித்துப் பூசாரியிடமோ கணக்குப் பார்ப்பவரிடமோ கேளுங்கள். கும்பாபிஷேகம் நடந்திருந்தால் நன்கொடையாளர் கல்வெட்டு இருக்கும். அதையும் படமெடுங்கள், ஆனால் கல்வெட்டில் பெயர் வரக் காசு கொடுத்தவர்தான் வருவார், வம்சம் முழுக்க வராது.

சாமி பெண் வழியாகவும் நகரும். பிறந்த வீட்டிலிருந்து பிடிமண் எடுத்து வந்து புகுந்த ஊரில் கோயில் கட்டிய கதைகள் ஏராளம். குலதெய்வம் 60 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், அந்த ஊரிலிருந்து எப்போது, ஏன் கிளம்பினார்கள் என்பதுதான் அடுத்த கேள்வி.

மொய் நோட்டு உதவுமா?

மிகவும். மொய் நோட்டில் ஊர்ப் பெயர் முதலில், பிறகு ஆள், பிறகு தொகை. தாய்மாமன் முறை முன்னால் நிற்கும். பங்காளிகளை வேறு வழியிலும் எளிதாகக் கண்டுபிடிக்கலாம். ஆனால் அப்பத்தா பிறந்த வீடு, அவருடைய தங்கை வாக்கப்பட்ட வீடு போன்றவை வேறெங்கும் எழுத்தில் இருக்காது. ஒரே ஊரிலிருந்து ஏழெட்டுப் பேர் சேர்ந்து எழுதியிருந்தால் அங்கே ஒரு சம்பந்தம் நடந்திருக்கிறது என்று பொருள். இப்போது கம்ப்யூட்டர் மொய் வந்துவிட்டது. அந்தப் பட்டியலை வீட்டில் கேட்டு வாங்கி வையுங்கள்.

கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மூன்றையும் தூக்கிப் போடாதீர்கள். அஞ்சலி போஸ்டரில் மகன், மருமகள், பேரன், பேத்தி, கொள்ளுப்பேரன் என ஒரு கிளை முழுக்க இருக்கும். மதுரைக்காரர்களின் பிளெக்ஸ் மோகத்தைக் கிண்டல் செய்பவர்கள், இந்த வேலையில் இறங்கினால் அந்தப் பிளெக்ஸைத் தேடித் தேடிப் படமெடுப்பார்கள்.

பிறப்பு, இறப்புப் பதிவு எவ்வளவு பின்னால் வரை கிடைக்கும்?

இப்போதுள்ள சட்டம் 1969-ல் வந்தது. அதற்கு முன் 1899-ம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டம் இருந்தது. கிராமங்களில் கிராம முன்சீப்தான் எழுதுவார். முன்சீப், கர்ணம் பதவிகள் 1980-ல் ஒழிக்கப்பட்டு வி.ஏ.ஓ. வந்தார். மதுரை நகரத்துக்குள் என்றால் 1866-ல் அமைந்த நகராட்சியின் பதிவேடுகள், 1971 முதல் மாநகராட்சி. கிராமத்தின் பழைய பதிவேடுகளுக்கு அந்தந்தச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் தாலுகா அலுவலகத்திலும் விசாரிக்க வேண்டும்.

தேடும்போது பெயரைத் தேடாதீர்கள். குழந்தை பிறந்து சில நாளில் பதிவது என்பதால் பெயர் இருக்காது, "ஆண்" அல்லது "பெண்" என்று மட்டும் இருக்கும். அப்பா பெயரையும் ஊரையும் வைத்து, சொல்லப்படும் வருஷத்துக்கு முன்னும் பின்னும் மூன்று வருஷம் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளிச் சான்றிதழ் தேதியை அப்படியே நம்ப வேண்டாம். தலைக்கு மேல் கையை வளைத்துக் காதைத் தொட்டால் ஐந்து வயது என்று சேர்த்துக்கொண்ட காலம் அது; சேர்க்கும் நாளுக்கு ஐந்து வயது நிறையும்படி வாத்தியார் ஒரு தேதியைப் போட்டுவிடுவார். ஆனால் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கும் அப்பா பெயரும் ஊரும் நம்பத்தக்கவை.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் எதைக் கேட்பது?

ஒரு சாதாரண விவசாயக் குடும்பத்துக்கு எழுத்தில் கிடைக்கும் ஆதாரங்களில் பாகப்பிரிவினைப் பத்திரத்தை மிஞ்ச எதுவும் இல்லை. அப்பா பெயர், உயிரோடிருக்கும் பங்காளிகள் எல்லாரின் பெயர், வயது, இறந்த அண்ணனுக்குப் பதில் அவருடைய மைனர் பிள்ளைகள், அவர்களுக்குக் கார்டியனாகத் தாய் என்று ஒரே இடத்தில் இரண்டு மூன்று தலைமுறை நிற்கும். அடுத்தது உயில், விடுதலைப் பத்திரம் (தன் பங்கை விட்டுக்கொடுப்பது), தான செட்டில்மெண்ட். வெறும் கிரயப் பத்திரம் அதற்கும் கீழே.

பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை (ஒரு சொத்தின் மீது பதிவான பத்திரங்களின் பட்டியல்) பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதல் பார்க்கலாம். அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடுதல் கட்டணம் கட்டி மனுப் போட வேண்டும். எத்தனை வருஷமோ அதற்கேற்பக் கட்டணம் ஏறும். அங்கே பெயர் வாரியான அட்டவணை ஒன்று, சொத்து வாரியான அட்டவணை ஒன்று என இரண்டு உண்டு. சர்வே எண் தெரிந்தால் சொத்து அட்டவணை, தெரியாவிட்டால் பெயர் அட்டவணை. சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் 1-ம் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம், நகல் வாங்கலாம். உயில் பதிவாகும் 3-ம் புத்தகம் அப்படியல்ல: எழுதியவர் உயிரோடிருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ மட்டும்தான் நகல். "பதிவேடு இல்லை" என்ற பதில் வந்தால், அந்தக் கிராமம் முன்பு எந்தச் சார்பதிவகத்தில் இருந்தது என்று கேளுங்கள். எல்லை பலமுறை மாறியிருக்கிறது.

பத்திரம் கைக்கு வந்தபின் எல்லாரும் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். பின்பக்கத்தைப் புரட்டுங்கள். பதிவுக் குறிப்பில் கைநாட்டு வைத்தவர், கையெழுத்துப் போட்டவர், ஆளை அடையாளம் காட்டியவர்கள் இருப்பார்கள். அடையாளம் காட்ட வருபவர் சும்மா தெருவில் போனவர் இல்லை. மச்சானாகவோ சம்பந்தியாகவோ இருப்பதுண்டு. அடுத்து சொத்து விவரத்தில் செக்குபந்தியைப் பாருங்கள். "இதற்கு நான்கெல்லை: கிழக்கே இன்னார் நிலம், வடக்கே இன்னார் நிலம்" என்று வரும். ஒரு நிலம் அண்ணன் தம்பிக்குள் பிரிந்தால் பக்கத்து நிலத்துக்காரர் பங்காளிதான். நான்கு எல்லைப் பெயர்களையும் எழுதி வகையறாப் பட்டியலோடு ஒப்பிட்டால், யாரும் வாயால் சொல்லாத ஒரு சித்தப்பா கிளை வெளியே வந்து நிற்கும்.

பழைய பத்திரங்களில் பெண்கள் பெயரே இல்லை. ஏன்?

பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்பால் பங்கு என்பது தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல்தான் சட்டமானது. அதற்கு முன் நடந்த பாகப்பிரிவினைகளில் மகன்கள் மட்டும் இருப்பார்கள். மூன்று மகன்கள் என்று பத்திரம் சொன்னால் அது மூன்று பிள்ளைகள் என்று பொருளாகாது.

1956 வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பிந்தைய விடுதலைப் பத்திரங்களைத் தேடுங்கள். அண்ணன் தம்பிக்கு எழுதிக் கொடுத்த அக்கா தங்கைகள் கணவர் பெயரோடும் ஊரோடும் அதில் வருவார்கள். கணவனை இழந்தவர்கள் ஜீவனாம்சம் வாங்கியதற்கான பத்திரங்களும் உண்டு. மற்றபடி மொய் நோட்டும் அம்மாச்சியும்தான்.

பட்டா, அ-பதிவேடு, பசலி: எப்படிப் படிப்பது?

வருவாய்த்துறைக் கணக்கு பசலி ஆண்டில் ஓடும், ஜூலை தொடங்கி ஜூன் முடிய. பசலியோடு 590 கூட்டினால் தொடங்கும் ஆங்கில வருஷம் வரும். பசலி 1350 என்றால் 1940 ஜூலை முதல் 1941 ஜூன் வரை.

பெரிய முட்டுக்கட்டை 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். எனப்படும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டம். அப்போது பல ஊர்களில் சர்வே எண்கள் உட்பிரிவாகி மாறின. இன்றைய எண்ணை வைத்து 1930-ம் வருஷப் பத்திரத்தைத் தேடினால் யாரோ ஒருவருடைய நிலத்தில் போய் நிற்பீர்கள். ஊர் நிலங்களின் விவரம் எல்லாம் அடங்கிய அ-பதிவேட்டில் பழைய புல எண்ணுக்கு ஒரு பத்தி இருக்கும், அதை முதலில் எடுங்கள். யு.டி.ஆர். சமயத்தில் வீட்டிலிருந்த மூத்தவர் பெயரில் மட்டும் பட்டா ஏறிய குடும்பங்களும் பல. எனவே பட்டாவில் பெயர் இல்லை என்பதால் அவர் அந்தக் குடும்பத்தில் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். அதற்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேடுகளை ஆட்சியர் அலுவலகப் பதிவறையில் கேட்டு மனுச் செய்யலாம்.

கோயில் பூசை, மேளம், கண்மாய்க் காவல், சத்திரம் போன்றவற்றுக்காக மானிய நிலம் அனுபவித்த குடும்பமா? அப்படியென்றால் 1858-ல் தொடங்கிய இனாம் கமிஷனின் பதிவேடு உங்களுக்குப் புதையல். மானியம் யாருக்கு, எதற்கு, யார் கொடுத்தது, இப்போது யார் அனுபவிக்கிறார் என்பதை எழுதும்போது அனுபவிப்பவரின் முன்னோர் வரிசையையும் குறித்திருப்பார்கள். சென்னை எழும்பூரில் 1909 முதல் இயங்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இவற்றைக் கேட்கலாம். கிராமத்தின் அன்றைய பெயரும் தாலுகாவும் தெரியாமல் அங்கே போகாதீர்கள்.

எங்கள் ஊர் இப்போது தேனி மாவட்டம். மதுரையில் ஏன் தேட வேண்டும்?

தேனி 1990-களின் நடுப்பகுதி வரையும், திண்டுக்கல் 1985 வரையும் மதுரை மாவட்டம்தான். சிவகங்கை, ராமநாதபுரம் ஜமீன் பகுதிகள் 1910-ல் ராமநாதபுரம் மாவட்டம் உருவாகும்வரை மதுரை ஜில்லாவில் இருந்தன. அதோடு ஜமீன் ஊர் என்றால் 1948-ம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்கு முன் குடியானவரின் கணக்கு ஜமீன் கச்சேரியில் இருந்தது, சர்க்காரிடம் இல்லை. ரயத்துவாரி ஊர்களுக்கு (சர்க்கார் குடியானவரிடம் நேரடியாக வரி வாங்கிய ஊர்கள்) கிடைக்கும் அளவு பழைய பட்டாக் கணக்கை அங்கே எதிர்பார்க்க முடியாது.

ஜாதக ஓலையில் "பிரமோதூத வருஷம்" என்று மட்டும் இருக்கிறது. அது எந்த வருஷம்?

அறுபது வருஷச் சுழற்சி என்பதால் பிரமோதூத என்றால் 1870-71, 1930-31, 1990-91 மூன்றுமே. எது என்று பிரிக்க இரண்டு சோதனை.

முதலாவது கிழமை. அதே தமிழ் மாதத் தேதி 60 வருஷம் கழித்து அதே கிழமையில் வராது. 5 அல்லது 6 கிழமை தள்ளி விழும். ஓலையில் தேதியும் கிழமையும் இருந்தால் பழைய பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டு முடித்துவிடலாம்.

இரண்டாவது ராசிக் கட்டம். இங்கே பலர் குருவையும் சனியையும் பார்த்து ஏமாறுகிறார்கள். 60 வருஷத்தில் குரு ஏறக்குறைய ஐந்து சுற்றும் சனி இரண்டு சுற்றும் முடித்துப் பழைய ராசியிலோ அடுத்ததிலோ வந்து நிற்பதால் அவை எதையும் பிரித்துக் காட்டாது. ராகு கேதுவைப் பாருங்கள். ராகுவின் சுற்று 18 வருஷத்துக்குச் சற்று மேல், பின்னோக்கி நகரும். 60 வருஷ இடைவெளியில் இரண்டு மூன்று ராசி விலகியிருக்கும். 1930-க்கான ராகுவோடு கட்டம் பொருந்தினால் 1870 கழிந்தது.

ஓலையில் புள்ளி இருக்காது, குறில் நெடில் எகர ஒகரம் வேறுபடாது, ரகரமும் துணைக்காலும் ஒன்றாகவே தெரியும். பெயரைப் படித்தவுடன் முடிவு செய்யாமல் சாத்தியமான இரண்டு மூன்று வாசிப்பையும் எழுதி வையுங்கள்.

வருஷமே தெரியாவிட்டால்?

நடந்த சம்பவத்தை வைத்துக் கேளுங்கள். தாது வருஷப் பஞ்சம் 1876-78. முல்லைப் பெரியாறு அணை 1895. காந்தி மதுரையில் அரையாடைக்கு மாறியது 1921. மீனாட்சியம்மன் கோயில் நுழைவு 1939 ஜூலை. பர்மாவிலிருந்து நடந்து வந்தது 1942. வைகை அணை திறப்பு 1959. தனுஷ்கோடிப் புயல் 1964 டிசம்பர். "வைகை டேம் கட்டும்போது உங்கப்பாவுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" என்றால் பதில் டக்கென்று வரும், "எந்த வருஷம்?" என்றால் வராது.

1931 சென்சஸில் தாத்தா பெயர் இருக்குமா?

இருக்காது. வெளியானவை தொகைக் கணக்குகள் மட்டுமே, வீடு வாரியான பெயர்கள் பொதுமக்களுக்குக் கிடைப்பதில்லை. பதிலாகப் பழைய வாக்காளர் பட்டியலைப் பாருங்கள். 2002, 2005 பட்டியல்கள் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் உள்ளன. வீட்டு எண் வாரியாக இருப்பதால் கூட்டுக் குடும்பம் அப்படியே கிடைக்கும்.

கிறிஸ்தவ, முஸ்லிம், நகரத்தார் குடும்பங்களுக்கு வேறு வழி உண்டா?

உண்டு, சில நேரம் மற்றவர்களுக்குப் பொறாமை வரும் அளவுக்கு. கத்தோலிக்கப் பங்குகளில் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கும். பெற்றோரோடு ஞானப் பெற்றோர் பெயரும் வரும், அவர்கள் பெரும்பாலும் உறவினர். பழைய பதிவுகள் லத்தீனில் இருக்கும், பெயர்களும் லத்தீன் உருவம் எடுத்திருக்கும். அருளப்பன் 'யோவான்னெஸ்' ஆகியிருப்பார், ராயப்பன் 'பெத்ருஸ்'. சேசு சபை மதுரை மாகாணத்தின் ஆவணங்கள் கொடைக்கானல் செண்பகனூரில் உள்ளன. சி.எஸ்.ஐ. குடும்பங்களுக்கு 1834-ல் மதுரைக்கு வந்த அமெரிக்கன் மிஷனின் சபைப் பதிவேடுகள். அந்த மிஷனின் கடிதங்களும் அறிக்கைகளும் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. உபதேசியாராகவோ மிஷன் பள்ளி ஆசிரியராகவோ இருந்த முன்னோர் என்றால் அங்கே பெயர் வர வாய்ப்பு அதிகம்.

முஸ்லிம் குடும்பங்கள் ஜமாஅத்தின் நிக்காஹ் தப்தரை, அதாவது கல்யாணப் பதிவேட்டை, கேட்க வேண்டும். மணமக்கள், அவர்களுடைய தகப்பனார்கள், மஹர், சாட்சிகள் எல்லாம் இருக்கும். நிக்காஹ் பெண் வீட்டு ஜமாஅத்தில் பதிவாகியிருக்கலாம் என்பதை மறக்காதீர்கள்.

நகரத்தாருக்கு 9 நகரக் கோயில்கள்; கல்யாணம் கோயிலில் பதிவாகிப் புள்ளிக் கணக்கில் (கல்யாணமான குடும்பம் ஒன்று ஒரு புள்ளி) ஏறும். கோயிலும் பிரிவும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

தாத்தாவின் தம்பி சிலோனுக்கோ தென்னாப்பிரிக்காவுக்கோ போனார் என்கிறார்கள்.

இரண்டும் முற்றிலும் வேறு. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக 1,52,184 பேர் போனார்கள். கப்பல் பட்டியலில் எண், பெயர், அப்பா பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம் இருக்கும். பிஜிக்கு 1879 முதல் 1916 வரை. சென்னைத் துறைமுகத்திலிருந்து 1903 முதல். ஊர்ப் பெயரை வெள்ளைக்காரக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், மதுரை 'மதுரா' என்றே இருக்கும். உச்சரித்துப் பார்த்துத் தேடுங்கள்.

சிலோனுக்குப் போனவர்கள் கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப் போனவர்) வழியாகப் போனவர்கள், கப்பல் பட்டியலை நம்பிப் பயனில்லை. தோட்டத்தின் பெயர்தான் சாவி. 1964-ம் ஆண்டு சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது; அப்படித் திரும்பியவர்கள் வீட்டில் அப்போதைய பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் இருக்கும். அதில் பிறந்த தோட்டம் இருக்கும். தோட்டமும் மாவட்டமும் தெரிந்தால் இலங்கைப் பதிவாளரிடம் பிறப்புச் சான்று கேட்கலாம். கங்காணி பெரும்பாலும் தன் ஊர்க்காரர்களையே கூட்டிப் போனவர், எனவே அவர் ஊரைக் கண்டுபிடித்தாலும் உங்கள் ஊர் கிடைக்க வாய்ப்புண்டு.

மாமன் மகள், அக்கா மகள் கல்யாணத்தால் மென்பொருளில் மரம் சிக்கிக்கொள்கிறது.

நம்மூர் மரம் கிளை விரிவதோடு நிற்காது, பின்னிக்கொள்ளும். அப்பா அம்மா இருவரும் சொந்த அத்தை மகன், மாமன் மகள் என்றால் பிள்ளைக்குக் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி 8 பேருக்குப் பதில் 6 பேர்தான். அப்பா தன் அக்கா மகளைக் கட்டியிருந்தால், அப்பாவைப் பெற்றவர்களே பிள்ளைக்குத் தாத்தா பாட்டியும் ஆவார்கள், கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டியும் ஆவார்கள். அப்போது முன்பு சொன்ன எண் முறையில் ஒருவருக்கு இரண்டு எண் வரும். தவறில்லை, இரண்டையும் எழுதுங்கள்.

மென்பொருளில் அதே ஆளை இரண்டாவது முறை புதிதாகச் சேர்ப்பதுதான் எல்லாரும் செய்யும் பிழை. ஏற்கெனவே இருக்கும் ஆளோடு இணையுங்கள். கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருள் இதைத் தாங்கும். கோப்பை ஜெட்காம் (வம்சாவளி மென்பொருள்களுக்கான பொதுக் கோப்பு) வடிவில் ஏற்றுமதி செய்யும்போது யூ.டி.எஃப்-8 என்று தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய பட்டியல் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

டி.என்.ஏ. சோதனை செய்யலாமா?

ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு விடை தேடுகிறீர்கள் என்றால் செய்யலாம். இரண்டு குடும்பங்கள் ஒரே வகையறாவா என்பதை ஆண் வழி ஒய் குரோமோசோம் காட்டும். பொருந்தாவிட்டால் உடனே வேறு அர்த்தம் கற்பிக்க வேண்டாம். இடையில் சுவீகாரம் நடந்திருக்கலாம், அல்லது வீட்டோடு மாப்பிள்ளையின் பிள்ளைகள் மாமனார் வகையறாவில் சேர்ந்திருக்கலாம். பொதுவான சோதனைகள் "இரண்டாம் நிலை உறவு" என்று சொல்லும் கணக்கை இங்கே அப்படியே எடுக்கக் கூடாது. தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள் மணம் முடித்ததால் தூரத்து உறவும் நெருங்கிய உறவுபோலக் காட்டும்.

பழைய பத்திரம், போட்டோ, ஓலையை எப்படிப் பாதுகாப்பது?

லேமினேஷன் செய்யாதீர்கள். சூடும் பசையும் காகிதத்தோடு ஒன்றிவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. செல்லோடேப்பும் கூடாது, சில வருஷத்தில் பழுப்பாகி எழுத்தைத் தின்னும். மடிப்பில் உடையும் பத்திரத்தை அடிக்கடி விரிக்காமல் ஒரே முறை விரித்து 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் எடுங்கள், பின்பக்கத்தையும். கண்ணாடியோடு ஒட்டிய போட்டோவைப் பிய்க்காமல் கண்ணாடியோடேயே படமெடுங்கள். ஓலைக்கு எலுமிச்சைப்புல் எண்ணெயை மெல்லிய துணியில் தொட்டுத் தடவுவது வழக்கம். தேங்காய் எண்ணெய் வேண்டாம், சிக்குப் பிடிக்கும். எழுத்து தெரியாத ஓலையைப் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் கீறல் நிழல் விழுந்து தெரியும். தகரப் பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள், கரையான் வழி அதுதான்.

எங்கள் குடும்பம் நாயக்கர் காலத்திலிருந்து வெளி வீதியில் இருக்கிறது என்கிறார்கள். நம்பலாமா?

நகரில் இருந்திருக்கலாம், வெளி வீதியில் இருந்திருக்க முடியாது. நாயக்கர் ஆட்சி முடிந்து, வெள்ளைக்காரக் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்த பின் உருவான வீதி அது. மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதியும் அப்படித்தான். இப்படி ஒவ்வொரு குடும்பக் கதையிலும் இடம், காலம் இரண்டையும் உரசிப் பாருங்கள். கதை பொய்யானாலும் தூக்கி எறிய வேண்டாம், "செவிவழி" என்று தலைப்பிட்டுத் தனியே வையுங்கள்.

முடிந்த மரத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடலாமா?

இறந்தவர்கள் மட்டும் உள்ள படத்தைப் போடலாம். உயிரோடிருப்பவர்களின் பிறந்த தேதி, போன் நம்பர் வேண்டாம். இளைய தாரம், சுவீகாரம், சாதி மாறிய கல்யாணம் பற்றிய தகவலைச் சம்பந்தப்பட்ட கிளையிடம் முதலில் காட்டிக் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் உங்கள் நோட்டில் மட்டும் இருக்கட்டும். பெயர் விடுபட்டால் வரும் சண்டை, பெயர் வந்ததால் வரும் சண்டையைவிட அதிகம் என்பதால், முதலில் "வரைவு" என்று பெரிதாக எழுதி ஒரு மாதம் சுற்றுக்கு விடுங்கள். திருத்தங்களைப் போனில் வாங்காதீர்கள், எழுதி வாங்குங்கள்.